ஜாவா கம்பைல் ஆகுது, ரன் ஆகல. நாளைக்கு லேப், அவசரம்!

தாம்பரம்_தேர்ட்செம்
எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு காலைல ஊப்ஸ் (ஆப்ஜெக்ட் ஓரியண்டட் ப்ரோக்ராமிங்) லேப். ஜாவா இறக்கியாச்சு, பாத்தும் (கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கிற லிஸ்ட்) கொடுத்தாச்சு. ப்ரோக்ராம் கம்பைல் ஆகுது, ரன் பண்ணா ‘ஜேஎன்ஐ எரர், இன்ஸ்டாலேஷனைச் சரிபார்’னு வருது. அழிச்சுட்டு திரும்பப் போட்டும் அதேதான். யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வேளச்சேரி_வேலன்
எந்த ஓஎஸ்? எந்த ஜாவா? எரர் முழுசா என்ன? இது மூணும் இல்லாம யாராலும் சொல்ல முடியாதுப்பா.

சீனியர்_சிஎஸ்ஈ
கிளாஸ் பேர் என்ன? ஸ்டாக், க்யூ எக்சர்சைஸ்னா கிளாஸுக்கு ‘ஸ்டாக்’னே பேர் வச்சிருப்பீங்க. ஜாவாவோட ரெடிமேட் தொகுப்பான ஜாவா.யூட்டில்ல ஏற்கனவே அதே பேர்ல ஒரு கிளாஸ் இருக்கு, ரெண்டும் மோதுது. ‘மைஸ்டாக்’னு மாத்திப் பாருங்க.

மடிப்பாக்கம்_மணி
என்விரான்மென்ட் வேரியபிள்ல கிளாஸ்பாத்னு (கிளாஸ் ஃபைலை எங்க தேடணும்னு சொல்றது) ஏதாவது இருக்கா? இருந்தா தூக்கிடுங்க. அதுல ஒத்தப் புள்ளி இல்லன்னா நீங்க நிக்கிற ஃபோல்டரையே ஜாவா தேடாது. லேப்ல பாதிப் பேருக்கு இதான் பிரச்சினை.

ஜாவா_வாத்தியார்
இரண்டுமே தவறு. ஜாவா.யூட்டில் முழுவதையும் நட்சத்திரக் குறியோடு இம்போர்ட் செய்திருந்தாலும், அதே ஃபோல்டரில் இருக்கும் உங்கள் ஸ்டாக் கிளாஸுக்குத்தான் முன்னுரிமை. ஜாவா.யூட்டிலின் ஸ்டாக்கைப் பெயர் சொல்லி இம்போர்ட் செய்தால் மட்டுமே மோதல் வரும், அதுவும் கம்பைலிலேயே வந்துவிடும். கிளாஸ்பாத் கெட்டிருந்தால் ‘மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வரும், ஜேஎன்ஐ என்று வராது. கம்பைல் வேறு, ரன் வேறு என்பதே தெரியாமல் மூன்றாம் செமஸ்டருக்கு வந்துவிடுகிறீர்கள். எரரின் முதல் வரியைப் படித்துவிட்டு ஓடி வராமல் இரண்டாவது வரியை எழுதுங்கள், தம்பி.

தாம்பரம்_தேர்ட்செம்
சாரி சார். வின்டோஸ் 11. ஜேடிகே (ஜாவா எழுதுறதுக்கான கிட்) 21, ஜிப் இறக்கி சி டிரைவ்ல ஜேடிகே-21னு பிரிச்சு வச்சிருக்கேன். கிளாஸ் பேர் ஸ்டாக்தான். இரண்டாவது வரில ‘அன்சப்போர்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’. கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65.0, இந்த ரன்டைம் 52.0 வரைக்கும்தான் ஏத்துக்கும்னு போட்டிருக்கு.

வேளச்சேரி_வேலன்
இதைத்தான் முதல்லயே கேட்டேன். அந்த ரெண்டு நம்பர்லயும் 44-ஐக் கழிங்க. 65னா ஜாவா 21, 52னா ஜாவா 8. உங்க கம்பைலர் ‘ஜாவாசி’ 21-ல கம்பைல் பண்ணுது, ஆனா ‘ஜாவா’ன்னு அடிச்சா ஓடுறது பழைய 8. ரெண்டும் தனித்தனி எக்ஸிஇ, ஒண்ணு ஒரு ஃபோல்டர்லேர்ந்தும் இன்னொண்ணு வேற ஃபோல்டர்லேர்ந்தும் வருது. ஜேடிகேவை எத்தனை வாட்டி இறக்கினாலும் இது மாறாது.
எந்த ஃபோல்டர்லேர்ந்து வருதுன்னு பார்க்க ‘வேர் ஜாவா’, அப்புறம் ‘வேர் ஜாவாசி’ அடிச்சு, வர்றதை அப்படியே போடுங்க.

தாம்பரம்_தேர்ட்செம்
ஒண்ணுமே வரல அண்ணா. எரரும் இல்ல, சும்மா அடுத்த வரிக்குப் போயிடுது.

வேளச்சேரி_வேலன்
விஎஸ் கோட் டெர்மினலா? அது பவர்ஷெல். அங்க ‘வேர்’னா வேற கமாண்ட். ‘வேர்.எக்ஸிஇ ஜாவா’ன்னு அடிங்க, இல்லன்னா சிஎம்டி திறந்து அடிங்க.

தாம்பரம்_தேர்ட்செம்
வந்துச்சு. ஜாவாவுக்கு ரெண்டு வரி. முதல்ல புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86, காமன் ஃபைல்ஸ், ஆரக்கிள், ஜாவா, ஜாவாபாத். ரெண்டாவது ஜேடிகே-21 பின். ஜாவாசிக்கு ஜேடிகே-21 மட்டும்தான்.

மடிப்பாக்கம்_மணி
அப்ப கன்ட்ரோல் பேனல்ல போய் ஜாவா 8-ஐ அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க. முடிஞ்சது.

தாம்பரம்_தேர்ட்செம்
அது முடியாது. இது அப்பா ஆபீஸ் லேப்டாப். டிஜிட்டல் சிக்னேச்சர் போட ஜாவா வேணும்னு அவங்க ஆபீஸ்லதான் போட்டுக் கொடுத்தாங்க. அட்மின் பாஸ்வேர்டும் எங்கிட்ட இல்ல.

வேளச்சேரி_வேலன்
நல்லவேளை சொன்னீங்க. ஜாவா 8-ஐத் தொடவே வேணாம்.
காரணம் இதான். வின்டோஸ்ல பாத் ரெண்டு: சிஸ்டம் பாத், யூசர் பாத். சிஸ்டத்தோடதை முதல்ல வச்சு, யூசரோடதைப் பின்னால ஒட்டித்தான் தேடும். அட்மின் இல்லாததால நீங்க யூசர் பாத்ல சேர்த்திருக்கீங்க. பழைய ஜாவாபாத் சிஸ்டம் பாத்ல இருக்கு. யூசர் பாத்துக்குள்ள எவ்வளவு மேல ஏத்தினாலும் அது முந்திக்கும். ஜாவாசி மட்டும் ஏன் சரியா வருதுன்னா, அங்க இருக்கிறது வெறும் ஜேஆர்இ (ரன் பண்ண மட்டும்), அதுல கம்பைலரே கிடையாது.
அட்மின் இருந்தா சிஸ்டம் பாத்ல புதுசை மேல ஏத்தலாம். ஆனா அப்பாவோட சிக்னேச்சர் டூல் பாத்தைப் பார்த்து ஜாவாவைக் கூப்பிடுற வகைன்னா அது 21-ல மாட்டிக்கும். அதனால உங்க விண்டோவுக்கு மட்டும் மாத்துங்க. சிஎம்டி திறந்து (கமாண்ட் எல்லாம் இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல):

செட் பாத்=சி:\ஜேடிகே-21\பின்;%பாத்%

சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி கூடாது. இடம் விட்டா ‘பாத்’துக்குப் பின்னால ஸ்பேஸ் ஒட்டின வேற வேரியபிள்தான் உருவாகும், எரரும் வராது. அடுத்து ‘ஜாவா -வெர்ஷன்’. 21னு காட்டினா அதே விண்டோல கம்பைல் பண்ணி ரன் பண்ணுங்க. மூடினா போயிடும், அதனால அந்த வரியை ஒரு பேட்ச் ஃபைல்ல போட்டு வச்சுக்கங்க.

சீனியர்_சிஎஸ்ஈ
இவ்வளவு எதுக்கு? ‘ஜாவாசி --ரிலீஸ் 8’னு கம்பைல் பண்ணா பழைய ஜாவாலயே ஓடுமே.

ஜாவா_வாத்தியார்
ஓடும், 8 வழக்கொழிந்தது என்ற எச்சரிக்கையோடு. ஆனால் வார், ரெக்கார்ட், புதிய ஸ்விட்ச் போன்ற பிந்தைய ஜாவா வசதிகள் எதுவும் கிடைக்காது. இன்று ஒரு நாளைக்குச் சரி, செமஸ்டர் முழுக்க அல்ல.

சீனியர்_சிஎஸ்ஈ
நம்ம ஊப்ஸ் பேப்பர் சிஎஸ்3391 சிலபஸ்ல அதெல்லாம் எங்க இருக்கு? அஞ்சாவது யூனிட் ஜாவாஎஃப்எக்ஸ் (விண்டோ, பட்டன் எல்லாம் வரைய). ஆரக்கிள் ஜேடிகே 8-ல அது கூடவே வரும். 11-லேர்ந்து எடுத்துட்டாங்க. 21 போட்டவங்க எல்லாம் கடைசி யூனிட்ல முழிக்கத்தான் போறாங்க.

வேளச்சேரி_வேலன்
ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் எஸ்டிகே ஜிப்பைத் தனியா இறக்கணும், அவ்வளவுதான். கம்பைலுக்கும் ரன்னுக்கும் ரெண்டுலயும் ‘--மாட்யூல்-பாத்’ல அதோட லிப் ஃபோல்டர், ‘--ஆட்-மாட்யூல்ஸ் ஜாவாஎஃப்எக்ஸ்.கன்ட்ரோல்ஸ்’. கம்பைல்ல விட்டா பேக்கேஜே இல்லம்பான், ரன்ல விட்டா ரன்டைம் காம்போனன்ட்ஸ் காணோம்பான்.

அடையாறு_ஆர்க்கிடெக்ட்
எந்த வெர்ஷன்னு சண்டை போடுறதை விட, லேப்ல வர்ற ஷேப் எக்சர்சைஸைத்தான் பேசணும். ரெண்டு இன்டிஜர் வச்ச அப்ஸ்ட்ராக்ட் ஷேப், அதை எக்ஸ்டெண்ட் பண்ணி ரெக்டாங்கிள், ட்ரையாங்கிள், சர்க்கிள். சர்க்கிளுக்கு ஆரம் ஒண்ணுதானே? இரண்டாவது இன்டிஜர் அங்க சும்மா கிடக்கும். இன்ஹெரிட்டன்ஸ் கத்துக்கிற முதல் நாளே, பிள்ளைக்குத் தேவைப்படாததை அப்பன் தலையில கட்டுற பழக்கம் வந்துடுது.

ஜாவா_வாத்தியார்
அடுத்த எக்சர்சைஸே அதே கணக்கை இன்டர்ஃபேஸில் செய்யச் சொல்கிறது. அங்கே ஆப்ஜெக்டுக்கான ஃபீல்டு வைக்க முடியாது. அளவுகள் அந்தந்தக் கிளாஸுக்கே போய்விடும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

அடையாறு_ஆர்க்கிடெக்ட்
எத்தனை லேப் ரெக்கார்டு நோட்டுல அப்படி ஒப்பிட்டு எழுதியிருக்காங்க? ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ஐ அடிச்சுட்டு ‘இம்ப்ளிமென்ட்ஸ்’னு மாத்துறதோட சரி.

மடிப்பாக்கம்_மணி
அதே ப்ரோக்ராம்ல ட்ரையாங்கிள் ஏரியாவுக்கு 1/2*ஏ*பி-னு எழுதினா எப்பவும் 0-தான் வரும். ரெண்டுமே இன்டிஜர், 1/2 முதல்லயே 0 ஆயிடும். 0.5*ஏ*பி-னு எழுதுங்க.

தாம்பரம்_தேர்ட்செம்
செட் பாத் போட்டேன், 21 வந்துச்சு, ஜேஎன்ஐ எரர் போயிடுச்சு. தேங்க்ஸ் வேலன் அண்ணா. அப்புறம் டெஸ்ட் பண்ண மெயின்ல நேரா புஷ்னு (ஸ்டாக்ல ஒண்ணைச் சேர்க்கிற மெத்தட்) கூப்பிட்டேன், ‘நான்-ஸ்டாடிக் மெத்தட் ஸ்டாடிக் கான்டெக்ஸ்ட்ல’னு எரர். எல்லாத்துக்கும் முன்னாடி ஸ்டாடிக் போட்டேன், ஓடுது. முடிஞ்சது.

வேளச்சேரி_வேலன்
முடியல! ஸ்டாடிக்கை எல்லாம் எடுத்துடுங்க. மெயின் ஸ்டாடிக், அதுக்குன்னு ஆப்ஜெக்ட் கிடையாது. அதனாலதான் யாரோட புஷ்னு கம்பைலர் கேக்குது. ‘ஸ்டாக் எஸ்1 = நியூ ஸ்டாக்(5)’னு ஒண்ணு பண்ணி, ‘எஸ்1.புஷ்(10)’னு கூப்பிடணும்.
இப்ப இருக்கிற மாதிரியே விட்டு, எஸ்1, எஸ்2 ரெண்டும் உருவாக்கிட்டு எஸ்1-ல 10 புஷ் பண்ணி எஸ்2-லேர்ந்து பாப் பண்ணி (வெளிய எடுத்து) பாருங்க. 10 வரும். அரேயும் டாப்பும் (மேல இருக்கிறது எத்தனாவது இடம்ங்கிற நம்பர்) ஸ்டாடிக் ஆனதால ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்டாக். ஸ்டாடிக்கை எடுத்துட்டு அதையே ஓட்டினா எஸ்2 காலின்னு சொல்லணும். வைவால (வாய்மொழித் தேர்வுல) முதல் கேள்வியே இதுவாத்தான் இருக்கும்.

ஜாவா_வாத்தியார்
காலி ஸ்டாக்கில் பாப் செய்யும்போது டாப் -1 ஆக இருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனையும் இருக்க வேண்டும், தம்பி. இல்லையென்றால் அரே இன்டெக்ஸ் எக்செப்ஷன் வந்து ப்ரோக்ராம் அங்கேயே நிற்கும்.

வேளச்சேரி_வேலன்
தாம்பரம், பார்த்தீங்களா? எஸ்2-ல என்ன வந்துச்சுன்னு ஒரு வரி போட்டுட்டுப் போங்க.