புதுப்பிப்பு: ஹக்ஸ்லி படம் அச்சா, புகைப்படமா?

ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் பழைய உருவப்படம் ஒன்று என்னிடம் இருப்பதாகவும், அது அசல் புகைப்படமா, பத்திரிகையிலிருந்து கிழித்த தாளா என்றும் இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். பலரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன்: இரண்டும் இல்லை.

கிருதாவிலும் கோட்டின் மடிப்பிலும் அச்சுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆகவே பத்திரிகைத் தாள் அல்ல. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கோட்டின் கரிய பகுதி தாளைவிடச் சற்றே மேடாகத் தெரிகிறது. அதுதான் உட்பரிடைப்பின் அடையாளம். வால்டர் உட்பரி 1864இல் காப்புரிமை பெற்ற, புகைப்படத்தை மையால் தாளில் பதிக்கும் முறை இது. ஒளியால் ஜெலட்டினில் உருவாகும் மேடுபள்ளத்தை ஈயத்தகட்டில் அழுத்தி வார்ப்பு அச்சு ஒன்றை உண்டாக்குவார்கள். அதில் நிறமேற்றிய ஜெலட்டின் மையை ஊற்றித் தாளில் பதிப்பார்கள். மை தடித்த இடம் கறுப்பு, மெலிந்த இடம் வெளிச்சம். வெள்ளி உப்பு கிடையாது என்பதால் அக்காலப் புகைப்படங்களைப் போல மங்குவதில்லை. ஓரத்தில் மை பிதுங்கும். எனவே வெட்டி வேறு தாளில் ஒட்டுவது வழக்கம். என் படமும் ஒட்டப்பட்டதுதான்.

லண்டனின் லாக் அண்ட் விட்ஃபீல்ட் புகைப்பட நிலையம் எடுத்த ஹக்ஸ்லி படம் இதே முறையில் 1880இல் வெளியானது. கீழே பெயர் வெட்டுப்பட்டிருப்பதால் அதுதான் இது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப்போடு மல்லுக்கு நின்றவரின் முறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது!

விலைக்குக் கேட்டவர்களுக்கு: கொடுப்பதாக இல்லை.