மண்ணகக் காப்பு, பதிவகழ்வு: இரண்டு சொற்களுக்கு என் முன்மொழிவு

நண்பர்களே, வணக்கம்.

நாம் தொகுக்கும் நகரத் தொல்லியல் சொற்பட்டியலில் ‘பிரிசர்வேஷன் இன் சிட்டு’வுக்கு, அதாவது புதைந்த எச்சங்களை அகழாமல் மண்ணில் கிடந்த இடத்திலேயே காப்பதற்கு, வந்திருக்கும் ‘இருப்பிடப் பாதுகாப்பு’ எனக்கு ஒட்டவில்லை. படிப்பவருக்குப் பூட்டும் காவலாளியும்தான் தோன்றும். மாற்றாகச் சொல்லப்படும் ‘கிடப்புக் காப்பு’ பொருளளவில் கிட்டே வருகிறது, ஆனால் கிடப்பில் போட்ட கோப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது. கட்டட அனுமதி ஆணையில் எழுதினால் வேலை நின்றுபோனதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எதைக் காக்கிறோம் என்று முதலில் பார்ப்போம். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் தோண்டியபோது வைக்கிங் காலத்து வீடுகளின் படல் சுவர்கள், தோல் காலணிகள், ஒரு கம்பளிக் காலுறைகூட மட்காமல் கிடைத்தன. அங்கே மண் நீர் கோத்துக் கிடக்கிறது, ஆக்சிஜன் உள்ளே போவதில்லை, அதனால் மரத்தையும் தோலையும் தின்னும் நுண்ணுயிர்கள் பிழைக்க முடிவதில்லை. அப்படியென்றால் யாரும் ஒரு கூடை மண்கூட எடுக்காவிட்டாலும், பக்கத்து மனையில் அடித்தளத்துக்காக நீரை இறைத்து நிலத்தடி நீர் இறங்கிவிட்டால் எல்லாம் இருந்த இடத்திலேயே மட்கிப்போகும். இடம் மாறாமல் இருப்பது போதாது, மண்ணின் நிலையும் மாறக் கூடாது. அதனால்தான் ‘மண்ணகக் காப்பு’ என்கிறேன். ‘மண்ணகக் காப்பு நிபந்தனை’, ‘மண்ணகக் காப்புக் கண்காணிப்பு’ என்று நீட்டவும் வசதி.

லண்டனில் 1989-இல் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. பெரிய போராட்டத்துக்குப் பிறகு கட்டட வரைபடத்தையே மாற்றி, எச்சங்களின் மேல் மணலைப் பரப்பி, மண் காய்ந்து வெடிக்காமலிருக்க நீரைத் தேக்கி வைத்தார்கள். சும்மா மூடிவிட்டுப் போகிற வேலையில்லை, வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் சொல்லிலும் அந்தப் பொறுப்பு தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

இதன் இணைச்சொல்லில்தான் எனக்கு உண்மையான சிக்கல். 1990-இல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட திட்டமிடல் வழிகாட்டி, முக்கியமான எச்சங்களை மண்ணிலேயே விடுவதுதான் முதல் தெரிவு என்றது. முடியாத இடத்தில் அகழ்ந்து பதிவு செய்ய வேண்டும், அதுவும் ஒருவகைக் காப்பு என்ற கருத்தில் ‘பிரிசர்வேஷன் பை ரெக்கார்ட்’. அதை ‘பதிவுவழிக் காப்பு’ என்று அப்படியே எடுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். அகழ்ந்த மண்ணடுக்கு போனது போனதுதான், மிஞ்சுவது வரைபடமும் குறிப்பும் பையில் போட்ட பொருள்களும். அங்கேயே 2010-இல் வந்த திட்டமிடல் ஆவணம், பதிவு என்பது எச்சத்தையே வைத்துக்கொள்வதற்கு ஈடாகாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் விலகி வந்த சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘பதிவகழ்வு’ போதும். நடப்பது அகழ்வு, பதிவு அதன் கடமை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. யார்க்குக்காக 1991-இல் செய்த ஆய்வு, புதுக் கட்டடம் அடியிலுள்ள தொல்லியல் படிவில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு மேல் அழிக்கக் கூடாது என்று வகுத்தது. பொறியாளர்கள் கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண்களைக் குறைத்து, இடைவெளி விட்டு இறக்கினார்கள், மீதி 95 சதவீதம் கட்டடத்துக்கு அடியில் தங்கிவிட்டது. நல்லதுதான், ஆனால் அந்த மண்ணிடம் கேள்வி கேட்க இனி வழியில்லை. நகரத்தின் வரலாற்றை ஆராய்கிறவர்கள் இதைச் சொல்லி வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆகவே பதிவகழ்வைத் தோல்வி என்ற தொனியில் வரையறுக்க வேண்டாம். நல்ல ஆய்வுக் கேள்வி இருந்தால் அது வேண்டியே செய்கிற வேலை, விளக்கக் குறிப்பில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

‘காப்பு’ என்றதும் கைக்காப்பு நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். காப்புரிமை, காப்பகம் எல்லாம் வழக்கில் ஊன்றிவிட்டன, அது தடையாகாது. நிலவறையில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிற பழைய சுவருக்கு மட்டும் ‘மண்ணகம்’ பொருந்தாது. அதற்கு ‘உள்ளபடி காத்தல்’ சரியாக வருமா? கட்டடக்கலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.