கூட்டுத் தண்டு இழுவிசையில்: ஒரே தண்டுக்கு இரண்டு நீட்சி வருகிறதே?

கேள்வி

20 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு. அதன்மேல் பித்தளைக் குழாய். உள்விட்டம் 20, வெளிவிட்டம் 30 மி.மீ. இரண்டும் 500 மி.மீ. நீளம். இரு முனைகளிலும் வளையாத தகடுகளில் இரண்டையும் சேர்த்து இறுக்கமாகப் பிணைத்திருக்கிறது. அச்சு வழியே 60 கிலோநியூட்டன் இழுவிசை. யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) எஃகுக்கு 200, பித்தளைக்கு 100 கிகாபாஸ்கல்.

விசையை மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பால் (706.9 ச.மி.மீ.) வகுத்தேன், தகைவு 84.9 மெகாபாஸ்கல். அதிலிருந்து எஃகின் நீட்சி 0.212 மி.மீ., பித்தளையின் நீட்சி 0.424 மி.மீ. எதை எடுத்துக்கொள்வது? குணகங்களின் சராசரி 150 என்று வைத்தால் 0.283 வருகிறது. புத்தக விடையோ 0.294. எங்கே பிசகுகிறது?

பதில் 1

0.212, 0.424 என்று இரண்டு விடை வந்த இடத்திலேயே தவறு தெரிந்துவிட்டது. முனைகள் ஒரே தகட்டில் பிணைந்திருக்கும்போது ஒன்று மற்றதைவிட இரு மடங்கு நீள வழியே இல்லை. இரண்டுக்கும் தகைவு சமம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இங்கே சமமாக இருப்பது திரிபு, அதாவது நீட்சியை நீளத்தால் வகுத்தது.

விசைச் சமநிலை தருவது ஒரே ஒரு சமன்பாடு: எஃகின் பங்கு + பித்தளையின் பங்கு = 60. தெரியாதவை இரண்டு. இன்னொரு சமன்பாடு நீட்சியிலிருந்துதான் வர வேண்டும்: இரண்டின் நீட்சியும் ஒன்றே. நீளமும் ஒன்றே என்பதால், விசை ஒவ்வொன்றின் "பரப்பு × குணகம்" விகிதத்தில் பிரியும்.

எஃகு: 314.2 × 2,00,000 = 62.83 மெகாநியூட்டன்
பித்தளை: 392.7 × 1,00,000 = 39.27 மெகாநியூட்டன்
கூட்டினால் 102.10.

நீட்சி = 60,000 × 500 ÷ 10,21,00,000 = 0.294 மி.மீ.
எஃகின் பங்கு 36.92 கிலோநியூட்டன், தகைவு 117.5 மெகாபாஸ்கல். பித்தளையின் பங்கு 23.08, தகைவு 58.8. தகைவுகளின் விகிதம் 2:1, அதாவது குணகங்களின் விகிதமே. விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

குழாயின் பரப்பு தண்டைவிடப் பெரியது. ஆனாலும் கூடுதல் சுமை எஃகின்மேல்தான். விறைப்பானது அதிகம் சுமக்கும். 84.9 என்று வைத்துப் பாதுகாப்பைச் சோதித்திருந்தால் எஃகின் தகைவை 28 விழுக்காடு குறைத்து மதிப்பிட்டிருப்பீர்கள். நீட்சிப் பிழையைவிட எனக்கு இதுதான் கவலை தருகிறது.

சராசரி 150 ஏன் விடைக்குக் கிட்டத்தில் வந்தது? இரண்டு பரப்புகளும் ஏறக்குறைய சமம் என்பதால் மட்டுமே. குழாயின் வெளிவிட்டம் 40 மி.மீ. என்று வையுங்கள், பித்தளையின் பரப்பு எஃகைப் போல மூன்று மடங்காகிவிடும். பரப்பின் எடை சேர்த்த குணகம் (200 + 3 × 100) ÷ 4 = 125. அங்கே 150 போட்டால் நீட்சி ஆறில் ஒரு பங்கு குறைவாக வரும். உங்கள் கணக்கில் அந்தக் குணகம் 144.4.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று: படித்தண்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எஃகுத் துண்டும் பித்தளைத் துண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருந்தால் விசை இரண்டிலும் 60-தான். நீட்சிகளைக் கூட்ட வேண்டும். பக்கத்தில் பக்கமாக இருந்தால் நீட்சி ஒன்று. விசைகளைக் கூட்ட வேண்டும்.

ஆய்வகத்தில் அளந்து பார்ப்பதானால் திரிபுமானியைத் தகட்டை ஒட்டி ஒட்டாதீர்கள். முனையருகே தகைவு சீராகப் பரவியிருக்காது. குறைந்தது ஒரு வெளிவிட்ட அளவாவது தள்ளி, நடுப்பகுதியில் ஒட்டுவது நல்லது. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஒட்டிச் சராசரி எடுங்கள். விசை அச்சிலிருந்து சற்று விலகினால் வரும் வளைவுத் திரிபு அதில் நீங்கிவிடும். இந்தக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டிய திரிபு பத்து லட்சத்தில் 588.

கேட்டவர்

இப்போது புரிகிறது. இரண்டு துணைக் கேள்விகள்: பிணைப்பில் பித்தளைக்கு மட்டும் 0.1 மி.மீ. தளர்வு இருந்தால்? இன்னொன்று, இறுக்கமான அதே தண்டு சுமையோடு 30° செல்சியஸ் சூடேறினால்?

பதில் 1

தளர்வு இருந்தால் கணக்கை இரண்டு கட்டமாகப் போடுங்கள். முதல் 0.1 மி.மீ. வரை எஃகு மட்டுமே சுமக்கும்: 62.83 × 10⁶ × 0.1 ÷ 500 = 12.57 கிலோநியூட்டன். மொத்தச் சுமை இதற்குள் அடங்கினால் பித்தளைக்கு வேலையே இல்லை. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மீதி 47.43-ஐ இரண்டும் பகிரும். கூடுதல் நீட்சி 0.232. ஆக மொத்தம் 0.332 மி.மீ. எஃகின் தகைவு 132.9-க்கு ஏறுகிறது, பித்தளையில் 46.5-க்கு இறங்குகிறது. இங்கே தகைவு விகிதம் 2:1 வராது, ஏனென்றால் திரிபுகள் இப்போது சமமில்லை. விகிதச் சூத்திரத்தை மனப்பாடமாகப் போடுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பதில் 3

வெப்பக் கணக்குக்கு விரிவுக் குணகம் (ஒரு டிகிரிக்கு வரும் திரிபு) எஃகுக்கு 12 × 10⁻⁶, பித்தளைக்கு 19 × 10⁻⁶ என்று கொள்ளலாம். சூடேறும்போது பித்தளை அதிகம் விரியப் பார்க்கும், எஃகு அதைப் பிடித்து நிறுத்தும். அதனால் வெப்பத்தால் மட்டும் எஃகில் இழுவை, பித்தளையில் அமுக்கம். வெளிவிசை இல்லாத இந்தப் பகுதியில் இரண்டு விசைகளும் சமம், திசை எதிர்.

கட்டுப்பாடு இல்லாதபோது திரிபு வேறுபாடு 7 × 10⁻⁶ × 30 = 0.00021. அதை ஈடுகட்டும் விசை 0.00021 × (62.83 × 39.27 ÷ 102.10) × 10⁶ = 5.07 கிலோநியூட்டன். எஃகில் +16.2, பித்தளையில் −12.9 மெகாபாஸ்கல்.

மீள்மை எல்லைக்குள் (சுமை நீங்கினால் பழைய நீளத்துக்கே திரும்பும் வரம்புக்குள்) இருப்பதால் சுமையின் விடையோடு அப்படியே கூட்டலாம்: எஃகு 133.7, பித்தளை 45.9. வெப்ப நீட்சி 0.220 மி.மீ.; மொத்தம் 0.514.

30° குளிர்ந்தால் வெப்பத் தகைவுகளின் குறிகள் புரளும்: எஃகு 101.3, பித்தளை 71.7. பித்தளையை எஃகைவிட மென்மையான ரகமாகத் தேர்ந்தெடுத்திருந்தால் சோதிக்க வேண்டியது குளிர்ந்த நிலையை. சூடான நிலை எஃகுக்கே ஆபத்து.