பேர் கேட்டா கோவப்படாதீங்க: நம்ம பக்கத்து ஆஸ்பத்திரி அனுபவங்கள்

குறுக்குத்துறைக்காரன்:

எங்க அம்மா பேரு பேச்சியம்மாள். திருநவேலிச் சீமையில ஒரு வார்டுல நின்னு "பேச்சியம்மா"ன்னு கூப்பிட்டா நாலு தலை திரும்பும். "இசக்கி"ன்னா ஆம்பள வார்டும் சேர்ந்து திரும்பும்.

போன மாசம் அம்மாவுக்கு வலது முட்டு மாத்துற ஆபரேஷன். பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து தியேட்டர் வாசல் வரைக்கும் ஆறு பேர் அம்மாகிட்ட பேர் கேட்டுட்டாவ. மூணாவது ஆளுலயே அம்மாவுக்குச் சுருக்குன்னு ஏறிட்டு. "கையில வளையல் கணக்கா ஒண்ண மாட்டி விட்டிருக்கியளே, அதுல எழுதலியா?" அந்த சிஸ்டர் சிரிச்சுக்கிட்டே, "எழுதியிருக்கு ஆச்சி. ஆனா நீங்க வாயால சொல்லணும்"ன்னாவ.

அடுத்த கேள்வி வீட்டுக்காரர் பேரு. அதுதான் வம்பு. எங்க அப்பா போய்ச் சேந்து ஒம்போது வருஷமாச்சு, இன்னும் அம்மா வாயில அந்தப் பேரு வராது. என்னையக் கையக் காட்டுதா. பிறந்த தேதி கேட்டா, "அது யாருக்குத் தெரியும்"ங்கா. கடைசில பேரும் ஊரும் சொல்லச் சொல்லி, சீட்டு நம்பரையும் ஒத்துப் பார்த்துக்கிட்டாவ. டாக்டர் வந்து, அம்மா முழிச்சிருக்கும்போதே எந்தக் கால்னு கேட்டு, ஊதா மையில அம்புக்குறி போட்டுட்டுப் போனார்.

ஒண்ணைக் கவனிச்சேன். ஒருத்தர்கூட "நீங்கதான பேச்சியம்மா?"ன்னு கேக்கல. "ஒங்க பேர் என்ன?"ன்னுதான் கேட்டாவ. அம்மாவுக்குக் காது மந்தம். எதைக் கேட்டாலும் "ஆமாய்யா"ம்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால வேற ஒரு இடத்துல அந்த "ஆமாய்யா"தான் வினையாச்சு. ரத்தம் 6 கிராம்தான் இருக்கு, ஏத்தணும்னு எழுதிக் கொடுத்துட்டாவ. நான் ரிப்போர்ட்ட வாங்கிப் பார்த்தா வயசு 34ன்னு இருக்கு. அது வேற பேச்சியம்மாள்!

அதுக்கப்புறந்தான் இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல ஆபரேஷனுக்குன்னு 19 கேள்வி உள்ள ஒரு பட்டியல் கொண்டுவந்திருக்கு. மயக்க மருந்து கொடுக்க முன்னால ஒரு நிறுத்தம், கத்தி வைக்க முன்னால ஒண்ணு, தியேட்டரை விட்டு வெளிய கொண்டுவர முன்னால ஒண்ணு. டெல்லி உட்பட எட்டு நகரத்து ஆஸ்பத்திரிகள்ல சோதிச்சு 2009-ல முடிவு போட்டாங்க. சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆச்சு, பெரிய சிக்கல்கள் 11-ல இருந்து 7 ஆச்சு. புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. நிறுத்திக் கேட்டதுதான்.

ஒங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

தியேட்டர் தம்பி:

அண்ணாச்சி, 17 வருஷமா தியேட்டர்ல நிக்கேன். நிறுத்திக் கேக்கது வேற, தாள்ல டிக் அடிக்கது வேற. நான் முதல்ல வேலை பார்த்த இடத்துல, பேர் வேண்டாம், கேஸெல்லாம் முடிஞ்ச பொறவு டீயைக் குடிச்சுக்கிட்டே அன்னைக்குள்ள அத்தனை ஷீட்டுக்கும் ஒரே இருப்புல டிக் போடுவோம். நானும் போட்டிருக்கேன், மறைக்கல.

நீங்க சொன்ன அதே பட்டியலை கனடாவுல ஒண்டாரியோ மாகாணம் பூராவும் கொண்டுவந்தாங்க. 101 ஆஸ்பத்திரிக் கணக்கு 2014-ல வெளிவந்துச்சு. சாவு 0.71 சதவீதம் இருந்தது 0.65. குறைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாத அளவு. ஏன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுதாவ. என் காரணம் அந்த டீதான்.

எனக்குப் பிடிச்ச ஆராய்ச்சி இன்னொண்ணு. 2022-ல வந்துது, நம்ம நாடும் சேர்த்து ஏழு நாடு, 81 ஆஸ்பத்திரி, 13 ஆயிரம் பேருக்கு மேல. வயித்து ஆபரேஷன்ல தையல் போட முன்னால எல்லாரும் புது கிளவுஸ் மாட்டணும், கருவியையும் மாத்தணும். அம்புட்டுதான். தையல் புண்ணு சீழ் பிடிக்கது 100-க்கு 19 பேருன்னு இருந்தது 16 ஆயிட்டு. அதைப் படிச்ச பொறவு, மூடுததுக்குன்னு ஊசி பிடிக்கிற கருவி, கத்திரி, ரெண்டு ஃபோர்செப்ஸ் தனிப் பொட்டலமாக் கட்டி ஸ்டெரிலைஸ் பண்ணி வச்சிருதேன். முதல் வாரம் சர்ஜன் முறைச்சார். "ஒரு நிமிஷம் சார்"ன்னு கிளவுஸை நீட்டினேன். இப்ப அவரே கையை நீட்டுதார்.

ஆலங்குளத்து நர்ஸம்மா:

ரிட்டயர்டு ஆயாச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை பண்ணிக்கிட்டிருந்தேன். பஞ்சுல அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வச்சு ஒரு நிமிஷம் பொறுத்தா, சந்தேகமான இடம் வெள்ளையாத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்துல 30 வயசுல இருந்து 59 வரைக்கும் உள்ள பொம்பளையளுக்கு, நர்ஸுகளை வச்சே, ஒரே ஒரு தடவை இதைச் செஞ்சு பார்த்த ஆராய்ச்சி 2007-ல வந்தது. அந்த நோயால சாவு 35 சதவீதம் குறைஞ்சிருக்கு. அதுவும் நம்ம தமிழ்நாடுதான, இங்க மட்டும் ஏன் ஆகாது?

ஆனா ஆளு வரணும்லா. எங்க ஊருல வீட்டுக்கு வீடு பீடித்தட்டு. காலைல சோதனைக்கு வந்தா அன்னைக்குச் சுத்து குறையும், கூலி குறையும். "நாளைக்கு வாரேன்க்கா"ம்பாளுவ. மாசம் முடிஞ்சா எனக்கு ஆறு பேரோ ஏழு பேரோதான். நோட்டீஸ் ஒட்டினேன், மைக் வச்சுச் சொன்னேன், ஒண்ணும் நடக்கல. பொறவு ஒரு நாள், பீடி கொடுக்கப் போற நேரத்துல நானும் பீடிக்கடை வாசல்ல போய் உக்காந்தேன். கட்டு எண்ணி முடியிற வரைக்கும் அவளுவளுக்கு வேற சோலி கிடையாது. பேசிப் பேசி, கடையில இருந்து நேரா கூட்டிட்டு வந்துருவேன். வீட்டுக்குப் போக விட்டா அம்புட்டுதான், தட்டு மடிக்கு வந்துரும்.

அதுல ஒருத்திக்கு வெள்ளைத் திட்டு தெரிஞ்சு, சீக்கிரமே வைத்தியம் ஆச்சு. இப்பவும் பஸ் ஸ்டாண்டுல பார்த்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டா.

டவுன் வாத்தியார்:

கூட்டம் இருந்தா இதெல்லாம் நடக்காதுன்னு சொல்லுதவங்களுக்கு ஒண்ணு. அப்பாவுக்குத் திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில புரை எடுத்தோம். கூட்டம்னா கூட்டம், ஆனித் தேரோட்டம் கணக்கா. அவங்க ஆஸ்பத்திரிகள்ல 6 லட்சத்துக்கும் மேலான கண்களைக் கணக்கெடுத்து, ஆபரேஷன் முடிவுல கண்ணுக்குள்ளயே மாக்ஸிஃப்ளாக்ஸசின்ங்குற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்துனா என்ன ஆகுதுன்னு பார்த்திருக்காங்க. உள்கண்ணுல கிருமி தாக்குறது பத்தாயிரத்துக்கு 7-ல இருந்து 2 ஆயிட்டு. அவ்வளவு கூட்டம் வந்ததாலதான இவ்வளவு அபூர்வமான ஒண்ணை எண்ணியே பார்க்க முடிஞ்சுது. சின்ன ஆஸ்பத்திரியில ரெண்டுக்கும் ஏழுக்கும் வித்தியாசமே தெரியாது.

குறுக்குத்துறைக்காரன்:

நர்ஸம்மா, எங்க சித்தியும் பீடி சுத்துதவதான். ஒங்க பதிவை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். "கடைக்கே வந்துட்டாளா!"ன்னு சிரிச்சா. வார செவ்வாய்க்கிழமை கூட்டிட்டுப் போறேன்.

அம்மா நல்லா இருக்கா, வாக்கரைப் பிடிச்சு நடக்கா. நேத்து தையல் பிரிக்கப் போக ஆட்டோவுல ஏத்துனேன். டிரைவர் திரும்பி, "எங்க போணும் ஆச்சி?"ன்னார். காதுல சரியா விழல போல.

"பேச்சியம்மாள். சீவலப்பேரி. வலது கால்."