டிரான்ஸ்ஆக்ஸிலுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

தர்மபுரி, பாலிடெக்னிக் ஆசிரியர்:
வணக்கம். ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவர்களுக்காகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கியர் அமைப்பைப் பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டும். கியர்பாக்ஸுக்குப் பல்லிணைப் பெட்டி இருக்கிறது. கியர்பாக்ஸும் டிபரன்ஷியலும் (வளைவில் இருபுறச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லமைப்பு) ஒரே கூட்டுக்குள் சேர்ந்த டிரான்ஸ்ஆக்ஸிலுக்குத்தான் சொல் அகப்படவில்லை. 1961இன் ஜாகுவார் ஈ-டைப்பில் கியர்பாக்ஸ் எஞ்சினை ஒட்டி முன்னால் இருந்தது. அதற்கு முன்பே, 1950இல் வந்த லான்சியா அவுரேலியாவில் கிளட்ச்சும்கூடப் பின்னால்தான். ஃபெராரி 275 (1964), அல்ஃபெட்டா ஜிடி (1974), போர்ஷே 924 (1976) எல்லாம் கியர்பாக்ஸைப் பின்னால் வைத்தவை. முன்பாரம் குறைந்து வளைவில் வண்டி நிதானமாக நிற்கும். ஆனால் கியர்க்கம்பி நீள்வதால் கியர் சட்டென்று விழாது. 'பின்பெட்டி' எனலாமா?

கிருஷ்ணகிரி:
ஆகாது ஐயா. மாருதி 800இல் அது முன்னால் இருக்கிறது. பையன்கள் டிக்கி என்று வேறு நினைப்பார்கள். 'செலுத்தச்சு' என்று வையுங்கள். செலுத்து + அச்சு, வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும்.

ஓசூர்:
செலுத்தச்சு என்றால் மாணவன் புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் காட்டுவான். 924இல் கிளட்ச் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். நடுவில் ஓடும் தண்டு எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். அதுதானே செலுத்துகிறது? பட்டறையில் யாரும் பல்லிணை என்பதில்லை. கியர்பாக்ஸ், கிரவுன், அவ்வளவுதான். டிரான்ஸ்ஆக்ஸில் என்றே எழுதிவிட்டு, விளக்கத்தை நல்ல தமிழில் கொடுங்கள்.

அரூர்:
தகடூர் என்ற பழைய பெயர்கொண்ட தர்மபுரி மண்ணில் இருந்துகொண்டு அச்சுக்குப் பஞ்சமா? அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் 'சேம அச்சு' என்றே பாடினார் (புறநானூறு 102). உமணர்கள் உப்பு வண்டியின் அடிமரத்தில் கட்டிவைத்த மாற்று அச்சு அது. 'அவல் இழியினும் மிசை ஏறினும்' (பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும்) என்ற அடிக்குத் தொப்பூர் கணவாயில் லாரி இறக்குகிறவருக்கு உரை தேவையில்லை. 87ஆம் பாட்டில், நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த சக்கரம் போன்றவன் என்று அதியமானையே சொல்கிறார். அந்தச் சக்கரத்துக்குக் 'கால்' என்று பெயர். தேர்க்கால், வண்டிக்கால் எல்லாம் இதன் வழிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்: 'அச்சுப்பெட்டி'. வன்தொடர்க் குற்றியலுகரம், எனவே ப் மிகும்.

பாலக்கோடு:
அச்சு என்றதும் இங்கே ஞாபகம் வருவது அச்சுவெல்லமும் அச்சகமும். மாட்டுவண்டியின் அச்சுக்கு 'இருசு' என்ற சொல் இருக்கிறதே! 'இரு' என்ற வேரிலிருந்து, இருபுறச் சக்கரத்தையும் தாங்குவதால் இருசு என்பது என் துணிபு. 'இருசுப்பெட்டி' என்று வைத்தால் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு உடனே புரியும்.

கிருஷ்ணகிரி:
அந்த வேருக்குச் சான்று வேண்டும் ஐயா. மேலும் இருசு சுழலாத கட்டை. சக்கரம்தான் அதன்மேல் சுற்றும். காரில் அச்சே சுழல்கிறது.

பாலக்கோடு:
உமணர் வண்டியின் அச்சு மட்டும் சுழன்றதா? ஒரே குறை இரண்டு சொல்லுக்கும் இருக்க, வாழும் சொல்லைத் தள்ளுவது நியாயமில்லை. இன்று வகுப்பில் இருக்கிற பையனுடைய தாத்தா இருசுக்கு மை போட்டவர்.

ஓசூர்:
அந்தப் பையன் நாளை வேலைக்கு வருவது எங்களைப் போன்ற ஆட்களிடம். ஆங்கிலச் சொல்லை அவனிடமிருந்து மறைக்காதீர்கள். அது மட்டும்தான் என் கவலை.

தர்மபுரி, பாலிடெக்னிக் ஆசிரியர்:
எல்லாருக்கும் நன்றி. அச்சுப்பெட்டிக்கே ஆதரவு அதிகம். தலைப்பில் அதையும், முதல் வரியில் டிரான்ஸ்ஆக்ஸிலையும் எழுதுகிறேன். செலுத்தச்சை விட்டுவிட்டேன்.

பாலக்கோடு:
என் எதிர்ப்பு நிற்கிறது. அடிக்குறிப்பிலாவது இருசுப்பெட்டி வரட்டும். அப்புறம், டிபரன்ஷியலுக்கு 'வேறுபாட்டுப் பல்லிணை' என்று எழுதப் போகிறீர்களா? அதையும் நான் ஏற்கவில்லை.