புதுக் கார் ஷெட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது, வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவு) நாங்களே எடுக்கலாமா?

பெருந்துறைத் தோட்டம்:
வணக்கமுங்க. பொடக்காளியில் (வீட்டுக்குப் பின்புறம்) போன மாதம் கார் ஷெட் கட்டி முடித்தோம். 20க்கு 12, சாலிட் பிளாக் சுவர், மேலே ஷீட். மேஸ்திரி கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார், கடைக்கால் (அஸ்திவாரம்) தோண்டின மண் சுற்றிலும் மேடும் பள்ளமுமாய் அப்படியே கிடக்கிறது. பிரச்சினை பின்பக்கம்தான். முன்னால் தரை ஷெட் தளத்தை விட ஒன்றே கால் அடி கீழே இருக்கிறது, பின்னால் வெறும் 3 இஞ்ச்தான், அதற்கும் பின்னால் வேலி வரைக்கும் மேடு. ஷீட் சரிவையும் பின்பக்கமாகவே விட்டுவிட்டார்கள். போன வாரம் பெய்த மழைத் தண்ணீர் பின்சுவரை ஒட்டி நின்று மறுநாள் மத்தியானம் வரை வடியவில்லை, உள்பக்கப் பூச்சில் ஒரு சாண் உயரத்துக்கு ஓதம் (சுவர் ஈரம்) ஏறியிருக்கிறது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் சரி செய்யணும். செம்மண் பூமி, இரண்டடிக்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல்). நானும் தம்பியும் மம்பட்டி பிடிப்போம். எவ்வளவு வாட்டம் விடணும்? ஒரு டிப்பர் கிராவல் இறக்கி சுவரோரம் மேடு கட்டினால் போதுமா, இல்லை ஜேசிபி கூப்பிடணுமா?

சைட் மேற்பார்வை, திருப்பூர்:
டிப்பருக்கு இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீங்க. பின்னால் ஏற்கெனவே தளத்துக்கு 3 இஞ்ச்தான் மிச்சம், அங்கே கிராவல் கொட்டினால் மண் தளத்துக்கு மேலே ஏறி சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும், ஓதம் இன்னும் மேலே போகும், கரையானும் பிடிக்கும். எந்தக் கட்டடமானாலும் வெளித்தரை தளத்தை விட 6 இஞ்சாவது கீழே இருக்கணும். உங்களுக்கு வேண்டியது நிரப்புவது இல்லை, வெட்டுவது.

மண் தரைக்கு 10 அடிக்கு 6 இஞ்ச் வாட்டம் என்பது நல்ல கணக்கு. உங்கள் இடத்தில் மேடு இருப்பதால் 10 அடி போக வேண்டாம். பின்சுவரோரம் தளத்திலிருந்து 6 இஞ்ச் கீழே தொடங்குங்க, 6 அடி தள்ளிப் போகும்போது 10 இஞ்ச் கீழே வரட்டும், அந்த இடத்தில் சுவருக்கு இணையாக ஓர் ஆழமில்லாத அகல வாய்க்கால். மேட்டுத் தண்ணீரும் ஷெட் தண்ணீரும் அங்கேதான் சேரும். முன்னால் தரை 15 இஞ்ச் கீழே என்கிறீர்கள், அப்படியானால் வாய்க்கால் பக்கவாட்டில் சுற்றி முன்னால் வருவதற்குள் 5 இஞ்ச் இறக்கம் கிடைக்கிறது, அது போதும். வாய்க்காலுக்கு அந்தப்புற மேட்டைச் செங்குத்தாக வெட்டி விடாதீங்க, சரிவாகச் சீவி விடுங்க, இல்லாவிட்டால் முதல் மழைக்கே சரிந்து வாய்க்காலை மூடிவிடும்.

கண்மட்டத்தை நம்பவே கூடாது. தோட்டத்து மேடு கண்ணை ஏமாற்றும், இறக்கம் என்று நினைத்த இடம் ஏற்றமாக இருக்கும். டியூப் மட்டம் எடுங்க: ஒளி ஊடுருவும் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் தண்ணீர் சுவரின் தளமட்டக் கோட்டில் நிற்கும்படி பிடித்து, மறுமுனையை 6 அடி தள்ளி அடித்த குச்சியோடு வைத்தால் அங்கே தண்ணீர் நிற்கும் இடம்தான் தளமட்டம். குச்சியில் அங்கே கோடு போட்டு, கீழே 10 இஞ்ச் அளந்துகொள்ளுங்க. அஞ்சடிக்கு ஒரு குச்சி அடித்து நூல் கட்டிவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

வெட்டுகிற மண் அரை யூனிட்டுக்குக் (ஒரு யூனிட் 100 கன அடி) கொஞ்சம் மேலே வரும். ரெண்டு பேர் மம்பட்டியில் முடிக்கிற வேலை இது. புது பிளாக் சுவருக்குப் பக்கத்தில் ஜேசிபியை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, பக்கெட் ஒரு தட்டுத் தட்டினால் விரிசல். போர்வெல் மோட்டார் கேபிள், தண்ணீர் பைப், எர்த் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு மம்பட்டியைப் போடுங்க.

உடுமலை கரிசல்காடு:
அண்ணன் சொன்னது செம்மண்ணுக்குச் சரி. எங்கள் பக்கம் மாதிரி கரிசல் பூமியில் இருப்பவர்கள் யாராவது படித்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்க: கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், மழையில் உப்பும், வெறும் மண்ணில் எடுத்த வாட்டம் அடுத்த வருசம் மாறியிருக்கும். சுற்றிலும் 3 அடி அகலத்துக்குக் காங்கிரீட் பட்டை போட்டு வெளிப்பக்கம் ஒரு இஞ்ச் இறக்கம் விடணும். அதைச் சுவரோடு சேர்த்துப் போடக்கூடாது, நடுவில் இடைவெளி விட்டுத் தார் ஊற்றணும், மண் உப்பும்போது பட்டை தனியாக அசையட்டும்.

கோபி அக்கா:
தம்பி, எல்லோரும் மண்ணையே பேசுகிறார்கள், கூரையை விட்டுவிட்டார்கள். 240 சதுர அடி ஷீட்டில் 5 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 1,100 லிட்டர் தண்ணீர். அவ்வளவும் பின்னால் ஒரே கோட்டில் விழுந்தால் நீங்கள் எடுக்கிற எந்த வாட்டத்தையும் அரித்துவிடும். 6 இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் ரெண்டாக அறுத்து, ஷீட் ஓரத்தில் கிளாம்ப் போட்டு மாட்டி, ஒரு மூலையில் இறக்கி, ஷெட்டை விட்டு 10 அடியாவது தள்ளி தென்னம்பாத்திக்கு விடுங்க. பக்கத்துக் காட்டுக்காரர் பக்கம் மட்டும் திருப்பி விடாதீங்க, மழைத் தண்ணீர் சண்டை வருசக்கணக்கில் போகும்.

அப்புறம் சுவரை ஒட்டிய கடைக்கால் குழியைப் பாருங்க. கடப்பாரையைப் போட்டுப் பாருங்க, கெட்டி மண்ணில் நிற்கும், சும்மா தள்ளி மூடின இடத்தில் வெண்ணெய் மாதிரி இறங்கும். இறங்குகிற இடத்தைத் தோண்டி, 6 இஞ்ச் 6 இஞ்சாக மண் போட்டு திமிசுக்கட்டையால் (மண்ணைக் கெட்டிக்கும் கட்டை) இடிக்கணும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி மண்ணை அமுக்கினால் உருண்டையாக நிற்கணும், உள்ளங்கையில் சேறு ஒட்டக்கூடாது. ஆற்று மணலோ எம் சாண்டோ (கல்லை உடைத்துச் செய்த மணல்) போட்டு மூடாதீங்க, அது தண்ணீரை உள்ளே குடித்து கடைக்காலிலேயே சேர்த்து வைக்கும். வேலை முடிந்ததும் சரிவில் அருகம்புல் பதித்துவிட்டால் மண் ஓடாது.

பெருந்துறைத் தோட்டம்:
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. கடப்பாரை போட்டுப் பார்த்தேன், பின்சுவர் நடுவில் முழங்கை ஆழத்துக்கு லேசாக இறங்கிவிட்டது. இன்னொன்று கேட்கணும். பின்னால் இடது மூலையிலிருந்து 7 அடியில் பெரிய வேப்பமரம் இருக்கிறது. வாய்க்கால் நேராக எடுத்தால் வேரை வெட்டணும். இடதுபக்கம்தான் பங்காளி காடும்.

சைட் மேற்பார்வை, திருப்பூர்:
வேரை வெட்டாதீங்க, பெரிய வேர் போனால் மரம் காற்றுக்கு நிற்காது. வெட்டுகிற மண்ணை அடிமரத்தில் குவிக்கவும் கூடாது. இடதுபக்கம் வேண்டவே வேண்டாம், எல்லாத் தண்ணீரையும் வலதுபக்கமே கொண்டுவாங்க. மரத்துக்கு நேரே மட்டும் வாய்க்காலை ஷெட் பக்கமாக வளைத்து 4 அடியில் எடுங்க, அங்கே 8 இஞ்ச் கீழே இருந்தால் போதும், அதிலிருந்து வலதுபக்கம் இறங்கட்டும். இடது முனையிலிருந்து முன்வாசல் வரைக்கும் 38 அடி சுற்று, மொத்த இறக்கம் 7 இஞ்ச், தண்ணீர் தாராளமாக ஓடும். முடித்ததும் மேல்முனையில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்க, தேங்குகிற இடத்தை அப்போதே சீவிவிடுங்க.