பாட்டரியைக் கழற்றி வைத்துக்கொள்ளும் பொம்மைக் கடை

மோல்மீன்காரன்

பர்மாவில், மோல்மீனில் வளர்ந்த எங்கள் வயசுத் தமிழர்களிடம் பொம்மைக் கடை என்று பேச்செடுத்தால் ஆளுக்கு ஒரு கடையைச் சொல்வார்கள். நான் சொல்வது கீழ் மெயின் ரோட்டில், மார்க்கெட் பக்கம் இருந்த பாய் கடை. பலகையில் குடை, டார்ச் லைட் என்றுதான் எழுதியிருக்கும். பொம்மை என்ற பேச்சே அதில் கிடையாது. உள்ளே இடது கைப்பக்கம் குடை ரிப்பேர், வலது பக்கம் ஆளுயரக் கண்ணாடி அலமாரி. எங்களுக்கு அந்த அலமாரிதான் கடை. குடைப் பக்கம் நாங்கள் திரும்பிப் பார்த்ததே இல்லை, மோல்மீன் மழைக்கு அந்தப் பாதிதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது என்றாலும்.

எண்பதுகளின் நடுவில் அலமாரியில் என்ன இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லை ஊர்களான மியாவடி வழியாகவோ பயாதோன்சூ வழியாகவோ தாய்லாந்திலிருந்து திருட்டுச் சரக்கு எது வந்ததோ அதுதான். சர்க்காரின் மக்கள் கடையில் சோப்பும் துணியும் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். பொம்மைக்கு யார் கோட்டா போடப் போகிறார்கள்? மலை தாண்டி வந்த மூட்டையில் கைலி, மாத்திரை, ரப்பர் செருப்பு, ரேடியோ சாமான், இவற்றின் இடுக்கில் செருகி வந்தவைதான் எங்கள் பொம்மைகள். தண்ணீர்த் துப்பாக்கி, ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் பாய்க்கு நல்ல காலம். ஜூலையில் வந்தால் அடுத்த ஏப்ரல் வரை அலமாரியில் கிடக்கும். ஊரே தண்ணீரில் மிதக்கும்போது எவன் காசு கொடுத்துத் தண்ணீர் பீய்ச்சுவான்?

ஒரு போலீஸ் கார் இருந்தது, மேலே சிவப்பு விளக்கு சுற்றும். ஓட்டிக் காட்டச் சொன்னால் பாய் மேஜை டிராயரைத் திறந்து, துணியில் சுற்றிய இரண்டு பாட்டரியை எடுப்பார். காரின் அடி மூடி எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் ரப்பர் பேண்டு. கார் மேஜைமேல் ஓடி, கணக்குப் புத்தகத்தில் முட்டி, பின்வாங்கி, வேறு பக்கம் திரும்பும். கடைக்கு வந்த பெரியவர்களும் குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். அப்புறம் பாட்டரியைக் கழற்றி, சூடு இருந்தால் ஆறவிட்டு, மறுபடி துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார். காரை வாங்கினாலும் பாட்டரி கூட வராது. வீடுகளில் தீர்ந்த பாட்டரியை வெயிலில் காயவைத்து ரேடியோவில் போட்ட நாட்கள் அவை. அந்த இரண்டு பாட்டரிதான் கடையின் முதலீடு என்று அப்பா கேலி செய்வார்.

அந்தக் காரை யாரும் வாங்கிப் போய் நான் பார்க்கவில்லை. பாய்க்கும் அதை விற்க மனசில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

1988-க்குப் பிறகு சீன எல்லையில் மூசே பக்கம் வியாபாரம் திறந்து, சீன பிளாஸ்டிக் வந்து குவிந்தது. அலமாரி நிரம்பியது, விலையும் விழுந்தது. சீனச் சரக்கு வந்து கடையைக் கெடுத்தது என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடையை மூடியது சிம் கார்டு. அதற்குச் சில வருஷம் முன்பு வரை லட்சக்கணக்கில் விற்ற சிம், 2014-ல் 1,500 கியாட்டுக்கு வந்தது. குடை, பொம்மை எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டுப் பாயின் மகன் ஃபோன் கவர் மாட்டினான். அவனைக் குறை சொல்லவில்லை. அதே கண்ணாடி அலமாரியில்தான் இன்றும் கவர் தொங்குகிறது.

உங்கள் ஊரில் எந்தக் கடை?


தாட்டோன் அக்கா

தம்பி, நீ சொல்வது ஆம்பிளைப் பிள்ளைகள் கடை. கார், துப்பாக்கி, போலீஸ். எங்களுக்குக் கடை என்றால் பயா, அதாவது புத்தர் கோயில் படிக்கட்டுதான். தாட்டோனில் ஸ்வேஸயான் பயா பக்கம் பூவும் மெழுகுவர்த்தியும் விற்கும் வரிசையில், ஒரு பர்மாக்காரப் பெரியம்மா காகிதப் பொம்மை வைத்திருப்பார். பொன் வர்ணம் பூசிய ஆந்தை, தலையாட்டும் மாடு, புலி, கீழே தள்ளினால் எழுந்து நிற்கும் பிட்டைன்டௌன். அதை எங்கள் பாட்டி தஞ்சாவூர் பொம்மை என்றே சொல்வாள். தஞ்சாவூரை எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை, பாட்டி உட்பட.

அந்த அம்மா எங்கள் வீட்டுக்குப் பின் தெருதான், அதனால் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மர அச்சின்மேல் பழைய பேப்பர்த் துண்டுகளைப் பசையில் நனைத்து ஒட்டுவார், ஒன்றின்மேல் ஒன்றாக. காய்ந்ததும் கத்தியால் நடுவில் கீறி, அச்சை உருவிவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்து மேலே மறுபடி பேப்பர். பிட்டைன்டௌனுக்கு அடியில் களிமண் உருண்டை. அந்த உருண்டை நடுவில் உட்காராவிட்டால் பொம்மை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அப்படிச் சாய்ந்தவற்றைத் தனியாக ஒரு கூடையில் போட்டு வைத்திருப்பார், விலை பாதி. எனக்கு எப்போதும் அந்தக் கூடைதான். என் பொம்மைகள் எல்லாம் யாரோ கூப்பிட்டதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல நிற்கும்.

இந்தக் கடை வருஷம் முழுக்க இருக்காது. மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரை காகிதம் காயாது, காய்ந்த பொம்மையிலும் பூசணம் பூத்துவிடும். அக்டோபரில் வரும் தடிஞ்சு விளக்குப் பண்டிகைக்கு வானம் வெளுக்க வேண்டும், அப்போதுதான் கடை விரிப்பார். மழைக்காலம் பூராவும் பிள்ளைகளுக்கு கொன்னின் என்ற காட்டுக்கொடியின் கொட்டையும் ரப்பர் பேண்டும்தான் விளையாட்டு.

பெரியம்மா போன பிறகு அவர் மகள் கொஞ்ச நாள் செய்தாள். அப்புறம் தாய்லாந்து எல்லையில் இருக்கும் மே சோட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். மர அச்சுகள் என்ன ஆயின என்று கேட்டேன், அடுப்பெரித்தோம் என்றார்கள். நன்றாகக் காய்ந்த மரம், நல்லா எரிஞ்சுதாம்.


வியாசர்பாடித் தாத்தா

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மோல்மீனில் பிறந்து, கப்பலேறி மெட்ராஸ் வந்து, இத்தனை வருஷமாக வியாசர்பாடி. நீங்கள் எல்லோரும் இல்லாமையில் கிடைத்த பொம்மையைச் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் எல்லாம் இருந்த காலம் ஒன்று உண்டு.

என் அப்பா ஒரு சூரத்தி, அதாவது குஜராத் சூரத்துக்கார முதலாளியின் ஃபேன்ஸி கடையில் கணக்கெழுதினார். ரங்கூன் தேஞ்ஜீ மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கி, ரயிலில் மார்த்தபான் வரை வந்து, அங்கிருந்து ஆற்றைத் தாண்டிச் சரக்கு வரும். 2005-ல் பாலம் வந்ததாகப் படித்தேன், அப்போதெல்லாம் ஃபெரிதான். ஜப்பான் தகரப் பொம்மைகள். சாவி கொடுத்தால் தாளம் தட்டும் குரங்கு, தத்தித் தாவும் தவளை. பெட்டிமேலே பெரிய கண்ணோடு ஒரு குழந்தைப் படம். பெட்டியைத் திறந்தால் புதுப் பெயின்ட் வாசனை வரும், அதற்காகவே சாயந்திரம் அப்பாவுக்குக் காபி கொண்டுபோவேன்.

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை ஜெனரல் நே வின் பட்டாள சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டார்கள். பட்டாளத்துக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நிற்க, சரக்குப் பட்டியல் எழுத அப்பாவையே உட்கார வைத்தார்கள். தகரக் குரங்கு, ஜப்பான், சாவியுடன், 6. சாவி இல்லாமல், 2. சாவி இல்லாத குரங்குக்கு என்ன விலை போடுவது என்று ஆபீசருக்கும் அப்பாவுக்கும் பெரிய வாக்குவாதம். முதலாளி ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். அவர் கடை, அவருக்கே அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மே 17-ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அதோடு எங்கள் வீட்டில் ஊருக்குப் போகிற பேச்சு முடிவாகிவிட்டது. அந்தச் சில வருஷத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் கிளம்பினோம். கடைக்கு நம்பர் போட்டு மக்கள் கடை ஆக்கினார்கள். அந்த எட்டுக் குரங்கும் யார் வீட்டுக்குப் போயிற்று என்று அப்பா சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். தன் சம்பள பாக்கியைப் பற்றி அவ்வளவு கேட்டதில்லை.


டைன்வுன்குவின் பையன்

பையன் என்று போட்டிருந்தாலும் எனக்கும் ஐம்பது நெருங்குகிறது. தாத்தா நோட்டுப் பேச்சு எடுத்ததால் சொல்கிறேன்.

மோல்மீனில் டைன்வுன்குவின் பேட்டையில் எங்கள் தெரு முனையில் நோட்டுப் புத்தகக் கடை, அதில் கோலிக்குண்டு, பட்டம், பலூன். கடைக்காரர் தமிழர், நாங்கள் மாமா என்போம். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே அறிவிப்பில் செல்லாமல் ஆக்கினார்கள். 1964-ல் மாற்றிக்கொள்ளவாவது ஏதோ வழி வைத்தார்கள், இந்தத் தடவை ஒரு பியா கூடத் திருப்பித் தரவில்லை. மாமா பள்ளிக்கூட சீசனுக்குச் சரக்கெடுக்கப் பெட்டியில் வைத்திருந்தது முக்கால்வாசி 75 கியாட் நோட்டு.

பெரியவர்கள் அழுதார்கள். நாங்கள் என்ன செய்தோம் என்றால், அந்த நோட்டை வைத்துக் கடை விளையாடினோம். மாமாவே ஒரு நோட்டுக் கட்டை எடுத்து எங்களிடம் கொடுத்தார், கோபத்தில் கொடுத்தாரா விரக்தியில் கொடுத்தாரா தெரியாது. செங்கல் ஒன்று 75 கியாட், வேப்பிலைக் கட்டு 35. விடுதலைத் தலைவர் போஜோ ஆங் சான் படம் போட்ட, மடிப்புக் கலையாத நோட்டு. அந்த வயதில் அவ்வளவு நிஜமான விளையாட்டுச் சாமான் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. அம்மா பார்த்துவிட்டு எல்லோரையும் முதுகில் வைத்தாள். மாமா கடை அடுத்த வருஷக் கலவரத்துக்கு முன்பே மூடியாகிவிட்டது.


பெகு தம்பி

பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். படித்துக்கொண்டே வந்தேன், யாரும் பொம்மை வாங்கினதாகவே காணோமே! போலீஸ் காரை வாங்கவில்லை, தகரக் குரங்கு சர்க்காருக்குப் போயிற்று, அக்கா வாங்கியது கோணல் பொம்மை. நான் 2000-க்குப் பிறகு பிறந்தவன். எனக்கு ரிமோட் கார் இரண்டு இருந்தது, இரண்டையும் ஒரே வாரத்தில் உடைத்தேன், எந்தக் கடையில் வாங்கினது என்று கூட ஞாபகமில்லை. இப்போது நானும் பாங்காக்கில் இருக்கிறேன். கட்டாயமாகப் பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் சட்டத்தை ராணுவ சர்க்கார் 2024-ல் கையில் எடுத்த பிறகு என் செட்டில் ஊரில் மிஞ்சினவன் குறைவு.


தாட்டோன் அக்கா

கோணல் பொம்மை என்று சொல்லாதே தம்பி. பாதி விலை என்பதால் எனக்கு இரண்டு கிடைத்தது, என் கிளாஸில் வேறு யாரிடமும் இரண்டு கிடையாது. பாங்காக்கில் சாப்பாடெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா?


மோல்மீன்காரன்

தம்பி கேட்பது நியாயம்தான், ஆனால் ஒன்று விட்டுவிட்டான். வாங்கினவன் வீட்டுக்குப் போனதும் அவனோடு கதை முடிந்தது. வாங்காத நூறு பிள்ளைகளுக்கும் பாய் அந்தக் காரை ஓட்டிக் காட்டினார், ஒருவனையும் வெளியே போ என்று சொன்னதில்லை. இன்றைக்கு அங்கே ஃபோன் கவரைப் பார்க்க எவன் போய் நிற்பான்? தொட்டால் வாங்க வேண்டும் என்று எழுதியே ஒட்டியிருக்கிறான்.

தாத்தா, அந்தச் சூரத்தி கடை எந்த இடத்தில் இருந்தது? மார்க்கெட் பக்கம், பெரிய மசூதியைத் தாண்டி என்றால், பாய் கடையும் அதே வரிசைதான். பாயின் வாப்பா மக்கள் கடைக்காலம் முடிந்து அந்தக் கட்டடத்தில் ஒரு பக்கத்தை வாடகைக்கு எடுத்ததாகச் சொல்வார்கள்.


வியாசர்பாடித் தாத்தா

இல்லை, எங்கள் கடை ஆற்றோரம், ஸ்ட்ராண்ட் ரோடு திரும்பும் குறுக்குத் தெரு. மாடியில் பச்சை ஜன்னல்.


டைன்வுன்குவின் பையன்

பச்சை ஜன்னல் வீடு குறுக்குத் தெருவில் இல்லை தாத்தா, மேல் மெயின் ரோட்டில் இருந்தது. அதை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள்.


வியாசர்பாடித் தாத்தா

மோல்மீனில் பச்சை ஜன்னல் ஒன்றுதானா இருந்தது? நீ பிறக்காத காலத்துத் தெருவை எனக்குச் சொல்லித் தராதே. ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி வருகிறாள், அவளிடம் கேட்டு எழுதுகிறேன். அவளுக்கு என்னைவிட வாய் அதிகம், ஞாபகமும் அதிகம்.